டப்பாவைத் திறப்பது யார் வேலை?

நெப்போலியன் மீது எத்தனையோ பழி உண்டு. ரஷ்யக் குளிரில் லட்சக்கணக்கான சிப்பாய்களைப் பறிகொடுத்தது, வாட்டர்லூவில் கோட்டை விட்டது... எல்லாம் நியாயமான பழிதான். ஆனால், டின் உணவையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை! 'சாப்பாடு கெடாமல் வைக்க வழி சொல்பவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு என்று 1795-ல் நெப்போலியன் அறிவித்தார்' என்று பல பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1795-ல் அவருக்கு வயது 26. போகச் சொன்ன இடத்துக்குப் போகாததால், ஜெனரல்கள் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அக்டோபரில் அதிர்ஷ்டம் திரும்பும்வரை மனிதர் பாரிஸில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். 12,000 ஃபிராங்க்கை அவர் யாருக்காவது கொடுத்திருக்க வாய்ப்பில்லை. யாரிடமாவது கடன் கேட்டிருக்கத்தான் வாய்ப்பு.

பணம் உண்மையில் கைமாறியது 1810-ல். கொடுத்தது பிரெஞ்சு உள்துறை அமைச்சகம். வாங்கிக்கொண்டவர் நிக்கோலா அப்பேர். விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். சத்திரக்காரர் வீட்டுப் பிள்ளை, சமையல்காரர், பாரிஸில் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர். ஷாம்பெயின் பாட்டிலில் பட்டாணியைப் போட்டார், கார்க்கை அடித்து இறுக்கினார், கம்பி சுற்றினார், பாட்டிலோடு வெந்நீரில் கொதிக்கவைத்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. ஏன் கெடவில்லை? அவருக்குத் தெரியாது. மாபெரும் வேதியியல் மேதை கே-லுசாக்கைக் கேட்டார்கள். 'உள்ளே ஆக்ஸிஜன் இல்லை, அதனால்தான்' என்றார் மேதை. அதுவும் தப்பு. கிருமிகள்தான் காரணம் என்று பாஸ்டர் வந்து நிரூபிக்க 1860-கள் ஆயின. அதுவரை அரை நூற்றாண்டு காலம், காரணம் தெரியாமலே எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஒன்று கவனியுங்கள். அப்பேரின் பாட்டிலைத் திறப்பதில் யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. கார்க் உருவும் திருகாணி அதற்கு நூறு வருஷம் முன்பே புழக்கத்தில் இருந்தது. அதை மேம்படுத்தி இங்கிலாந்தில் பேடன்ட்டே வாங்கிவிட்டார் ஒருவர், அதுவும் சரியாக அதே 1795-ல். பெயர் சாமுவேல் ஹென்ஷல். தொழில்? பாதிரியார்! குடிக்கிற விஷயத்தில் மனித இனம் ஒருநாளும் தாமதித்ததில்லை.

சிக்கல் ஆரம்பித்தது கண்ணாடி இரும்பானபோது. பரிசுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: செய்முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும். அப்பேர் அப்பாவி, வெளியிட்டார். அந்த வருஷமே, 1810 ஆகஸ்ட் 25-ம் தேதி, லண்டனில் பீட்டர் டுராண்ட் என்ற வியாபாரிக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பேடன்ட் கொடுக்கிறார். கண்ணாடி மட்டுமல்ல, தகர டப்பாவிலும் உணவை அடைக்கலாம் என்கிறது அது. 'இந்த யோசனை வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் சொன்னது' என்று டுராண்ட் நேர்மையாகவே எழுதிக்கொடுத்தார். அந்த வெளிநாட்டவர் பிலிப் த ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது பிரிட்டனும் பிரான்ஸும் ஒருவரை ஒருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்டிருந்தன. பீரங்கி ஒரு பக்கம், பிசினஸ் ஒரு பக்கம்!

டுராண்ட் டப்பா தொழிலில் இறங்கவே இல்லை. பேடன்ட்டை 1,000 பவுண்டுக்கு விற்றுவிட்டு நகர்ந்தார். இன்றைய ஸ்டார்ட்அப் ஆசாமிகள் இதை 'எக்ஸிட்' என்பார்கள், லிங்க்டின்னில் நீளமாக எழுதுவார்கள். அப்பேருக்கு என்ன கிடைத்தது? 1814-ல் படையெடுத்து வந்தவர்கள் அவருடைய தொழிற்சாலையை நாசம் செய்தார்கள். 1822-ல் 'மனிதகுலத்தின் உபகாரி' என்கிற மாதிரி ஒரு பெரிய பட்டம் கொடுத்தார்கள். 1841-ல் ஏழையாகச் செத்தார், பொதுக் குழியில் புதைத்தார்கள். பட்டத்தைக் கூடப் புதைத்தார்களா தெரியவில்லை.

பேடன்ட்டை வாங்கியவர் பிரையன் டான்கின். காகித இயந்திரம் செய்து பெயர் வாங்கிய இன்ஜினீயர். கூட்டாளி ஜான் ஹால், இரும்பாலைக்காரர். சமையலை இரும்பாலைக்காரர்களிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? டப்பா டாங்கி மாதிரி வந்தது. கனத்த இரும்புத் தகடு, மேலே வெள்ளீயப் பூச்சு, சுற்றிலும் ஈயப் பற்றவைப்பு. 1813-ல் லண்டன் பெர்மண்ட்சியில் உற்பத்தி ஆரம்பம். அந்த ஜூன் மாதமே கென்சிங்டன் அரண்மனையில் ராணியும் இளவரசரும் டப்பா மாட்டிறைச்சியைச் சுவைத்து, 'பேஷ்' என்று கடிதம் எழுதச் செய்தார்கள். சுவைத்தது ராஜ குடும்பம். திறந்தது யார்? ராணி சார்லட் கையில் உளி பிடித்திருக்க மாட்டார் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

ஆமாம், உளி. டப்பாவின் மேலேயே எழுதியிருந்தது: உளியும் சுத்தியலும் கொண்டு மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றி வெட்டவும். தச்சருக்குச் சொல்கிற குறிப்பு இல்லை, சாப்பிடப் போகிறவருக்கு! 1824-ல் கேப்டன் பாரி ஆர்க்டிக் கடலுக்கு எடுத்துப்போன கன்றுக்குட்டி இறைச்சி டின்னில் இந்த வாசகம் இருந்தது. அந்த டின் ஒன்று திறக்கப்படாமலே ஊர் திரும்பி, மியூசியத்தில் உட்கார்ந்து, 1930-களின் கடைசியில்தான் திறக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய கறி. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? பூனைக்குப் போட்டார்கள். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரப்படுத்துவதில் டப்பா அவ்வளவு கெட்டி. திறப்பதற்குத்தான் ஒரு தலைமுறை காத்திருந்து, உளியைத் தேட வேண்டியிருந்தது.

சிப்பாய்களிடம் உளி ஏது? பயனெட்டால் குத்தினார்கள், கத்தியால் கீறினார்கள், பாறையில் அடித்தார்கள். சிலர் துப்பாக்கியாலேயே சுட்டார்கள் என்றும் சொல்வார்கள். எதிரியிடம் காட்ட வேண்டிய வீரத்தில் பாதி, மதிய சாப்பாட்டிலேயே செலவானது.

இங்கே டான்கின், ஹால் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கையளவு கருவியால் வெட்டுகிற தகடே அன்றைக்கு இல்லை. காலி டப்பாவே கிட்டத்தட்ட அரை கிலோ. கப்பலில் தச்சர் இருந்தார், அவரிடம் உளி இருந்தது. அதனால் வாங்குகிற அதிகாரிக்கு அது ஒரு பிரச்னையாகவே தோன்றவில்லை. வாங்குகிறவர் ஒருவர், திறக்கிறவர் வேறொருவர். இந்த இடைவெளியில்தான் 45 வருஷம் காணாமல் போனது.

தகடு மெலிந்த பிறகு, 1855-ல், லண்டன்காரர் ராபர்ட் யேட்ஸ் ஒரு கருவி செய்தார். மரப்பிடி, முனையில் நகம் மாதிரி ஒரு கொக்கி. குத்து, நெம்பு, மறுபடி குத்து. வெட்டு முடிந்ததும் டப்பா விளிம்பு ரம்பம் மாதிரி பல்லைக் காட்டும். யேட்ஸின் தொழில் கத்தியும் அறுவைச் சிகிச்சைக் கருவியும் செய்வது. வாடிக்கையாளர் எப்படியும் திரும்ப வந்தாக வேண்டும்!

மூன்று வருஷம் கழித்து, 1858 ஜனவரி 5-ம் தேதி, அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் பேடன்ட் வாங்கினார். பாதி பயனெட், பாதி அரிவாள். பார்த்தால் கைது செய்யத் தோன்றும். ஆனால் பேடன்ட் விண்ணப்பத்தில் அவர் எழுதியது: இதைக் குழந்தைகூட ஆபத்தில்லாமல் பயன்படுத்தலாம்! எந்தக் குழந்தை என்று அதிகாரிகள் கேட்கவில்லை போலிருக்கிறது. அமெரிக்கர்கள் புத்திசாலிகள், வீட்டுக்குள் அதை விடவே இல்லை. மளிகைக்கடைக்காரரே கடையில் வைத்துத் திறந்து கொடுத்தார். திறந்த டப்பாவை, தளும்பத் தளும்ப, வீடுவரைக்கும் நடத்திக் கொண்டுபோவது உங்கள் சாமர்த்தியம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. வடக்குப் படைக்குப் பெட்டி பெட்டியாகக் கண்டென்ஸ்டு மில்க் போனது. அனுப்பியவர் கெயில் போர்டன். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற பாய்மர வண்டி ஒன்றைச் செய்து, நண்பர்களை ஏற்றிக் கடலில் விட்டு, எல்லோரையும் கவிழ்த்தவர். பிறகு மாட்டிறைச்சி பிஸ்கட் கண்டுபிடித்தார். 1851 லண்டன் கண்காட்சியில் அதற்கு மெடல் கிடைத்தது. சாப்பிட்டவர்கள் மட்டும் துப்பினார்கள். சொத்து போனது. கடைசியில் பாலைச் சுண்டவைத்து 1856-ல் பேடன்ட் வாங்கினார், கோடீஸ்வரர் ஆனார். மெடல் வாங்கிய பிஸ்கட்டை யாரும் நினைப்பதில்லை. மெடல் வாங்காத பால் டின் நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்துவிட்டது.

நம் வீடுகளில் அந்தப் பால் டின்னை எப்படித் திறப்போம்? ஆணியும் அம்மிக்குழவியும்தான். ஒரு பக்கம் ஓர் ஓட்டை, எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை. ஒன்றில் காற்று உள்ளே போனால்தான் மற்றதில் பால் வெளியே வரும். ஒரே ஓட்டை போட்டுவிட்டுக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, 'பால் கட்டியாகிவிட்டது' என்று தீர்ப்புச் சொல்கிற பெரியவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. இரண்டாவது ஓட்டை போடுவது எப்போதும் ஒரு பத்து வயசுப் பெண்ணாகத்தான் இருக்கும்.

1860-களில் பிரிட்டிஷ்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 'புல்லி பீஃப்' என்ற மாட்டிறைச்சி டின்னுக்கென்று ஓர் ஓப்பனர் வந்தது. வார்ப்பிரும்பில், முனையில் காளை மாட்டுத் தலை, பிடி வளைந்து வாலாக முடியும். அற்புதமான சிற்பம். வெட்டுகிற முறை? அதே குத்து, அதே நெம்பு. கையைக் கிழிக்கிறது என்று புகார் வந்தால், கருவிக்கு மூஞ்சி வைத்துக் கொடுப்பது எவ்வளவு நாகரிகமான பதில் பாருங்கள்!

1870-ல் வில்லியம் லைமன் முதல்முறையாகச் சக்கரத்தைக் கொண்டுவந்தார். மூடியின் நடுமையத்தில் ஒரு முனையைக் குத்தி நிறுத்த வேண்டும். சக்கரம் அதைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டே போகும். ஸ்கூல் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ்தான், வேறொன்றுமில்லை. மையம் கால் அங்குலம் தவறினால் வட்டம் டப்பாவை விட்டே வெளியே போய்விடும். பசியில் இருப்பவனிடம் கணக்குப் பரீட்சை!

1889-ல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' நாவலில் மூன்று படித்த இங்கிலாந்துக்காரர்கள் ஓர் அன்னாசி டின்னோடு, ஓப்பனர் இல்லாமல், தேம்ஸ் நதியில் மாட்டிக்கொள்கிறார்கள். கத்தி, கல், பாய்மரக் கம்பம் எல்லாம் தோற்று, கடைசியில் டின்னை ஆற்றில் எறிகிறார்கள். சாம்ராஜ்யத்தில் சூரியன் மறையவே இல்லை. அன்னாசி டின்னும் திறக்கவே இல்லை.

விடிவு 1925-ல்தான். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டார் கேன் ஓப்பனர் கம்பெனி, வெட்டும் சக்கரத்துக்குக் கீழே பல் வைத்த இரண்டாவது சக்கரத்தைச் சேர்த்தது. இது விளிம்பைக் கவ்விப் பிடித்து டப்பாவைச் சுழற்றும், அது வெட்டும். 1931-ல் கான்சாஸ் சிட்டியின் 'பங்க்கர்' ஓப்பனர், குறடு மாதிரி இரண்டு கைப்பிடியும் திருகும் சாவியுமாக வந்தது. இன்றைக்குப் பாத்திரக்கடையில் நீங்கள் வாங்குவது ஏறக்குறைய அதேதான். டப்பா வந்து 121 வருஷம். இதற்குள் மனிதன் ஆகாயவிமானம் செய்து, அதில் அட்லாண்டிக்கையும் தாண்டிவிட்டான்.

சரி, கடைக்கு வருவோம்.

மூன்று கருவி ஒன்றில் என்று ஒரு வகை மாட்டி வைத்திருப்பார்கள்: கார்க் திருகி, சோடா ஓப்பனர், டின் குத்தி. மலிவு, தேயாது. ஆனால் அது யேட்ஸின் நேர் வாரிசு, அதே குத்து நெம்புதான். இருக்கட்டும் என்று வாங்கிப்போடலாம், அதை நம்பி ரசகுல்லா டின் வாங்காதீர்கள்.

குறடு வகையை எடுத்தால் இரண்டு பிடியையும் சேர்த்து அழுத்திப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டும் சக்கரத்தின் விளிம்பு, பல் சக்கரத்தின் மேல் லேசாக ஏறி, நடுவில் தலைமுடி நுழையும் சந்து மட்டும் இருக்க வேண்டும். சந்து அகலமாக இருந்தால் நாலு இடத்தில் வெட்டும், ஐந்தாவதில் வழுக்கும். நீங்கள் மூடியைக் கரண்டியால் நெம்புவீர்கள், விரல் போகும். அப்புறம் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் பல்லிணை இருந்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும், வழுக்குவது குறையும். திருகும் சாவி நீளமாக இருக்கட்டும்; நீளம் கூடினால் விரலுக்கு வேலை குறையும். பட்டாம்பூச்சி மாதிரி அழகான, மெல்லிய தகட்டுச் சாவி விரல் கணுவில் பதிந்து கோடு போடும். காளைத் தலை கதைதான் மறுபடியும்.

பிடிக்கு வந்தால் ஒரு கதை உண்டு. சாம் ஃபார்பர் என்ற அமெரிக்க வியாபாரி, ரிட்டயர் ஆன பிறகு, தன் மனைவி பெட்ஸி மூட்டுவலிக் கையோடு தோல் சீவிக் கஷ்டப்படுவதைப் பார்த்தார். தடித்த, மெத்தென்ற கறுப்பு ரப்பர் பிடி வைத்து 1990-ல் ஓக்ஸோ 'குட் கிரிப்ஸ்' கருவிகளைக் கொண்டுவந்தார். பிய்த்துக்கொண்டு போயின. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை சார், வேலை செய்கிறவர் கையைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். டுராண்டின் பேடன்ட்டிலிருந்து கணக்குப் போட்டால் 180 வருஷம் கழித்து!

கடைசியாக, 'சைடு கட்' வகை. டப்பாவின் விளிம்பும் மூடியின் விளிம்பும் ஒன்றோடொன்று மடித்துச் சுருட்டப்பட்டவை. பழைய வகை அந்தச் சுருளுக்கு உள்ளே மூடியைக் கிழிக்கும்; மூடி பாகுக்குள் விழும், விளிம்பு பிளேடாகும். சைடு கட், சுருளின் வெளி மடிப்பை மட்டும் பக்கத்திலிருந்து அறுக்கும். மூடியை முழுசாகத் தூக்கலாம், விளிம்பு கையைக் கிழிக்காது, சக்கரம் சாப்பாட்டைத் தொடாது. குறை இல்லாமல் இல்லை. விலை கூடுதல். விளிம்பு நசுங்கிய டின்னில் தடுமாறும். மூடி டப்பாவைவிட அகலமாக வருவதால், அதை உள்ளே அழுத்திக் கொண்டைக்கடலைத் தண்ணீரை வடிக்க முடியாது. லண்டனிலும் டொரொன்டோவிலும் தேங்காய்ப்பாலும் கடலையும் டின்னில் வாங்கிச் சமைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும் உபயோகித்த கையோடு பழைய டூத் பிரஷ்ஷால் சக்கரத்தைத் தேய்த்து, துணியால் துடைத்து வையுங்கள். நம் ஊர்க் கடற்கரைக் காற்றுக்கு இரண்டு வாரம் போதும், துருவேற.

சைடு கட் வாங்கினால் ஒரு தொல்லைக்குத் தயாராக இருங்கள். வெட்டி முடித்தாலும் மூடி அப்படியே இடத்தில் உட்கார்ந்திருக்கும், திறந்த மாதிரியே தெரியாது. ஊரிலிருந்து வந்த மாமா, 'குடும்மா, இதெல்லாம் ஆம்பளை வேலை' என்று வாங்கி ஒரு சுற்று சுற்றுவார். ஒன்றும் ஆகாது. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் வியர்க்கும். 'டூப்ளிகேட் சரக்கு, ஏமாத்திட்டான்' என்று தீர்ப்பு வரும், ஸ்க்ரூடிரைவர் கேட்பார். மூடி முதல் சுற்றிலேயே கழன்றிருக்கும். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?